எண்பது டன் காதுக்கு ஒரு பெட்டி

வலது தோள்பட்டை கழன்று விழுந்துவிடும்போல இருந்தது. சனிக்கிழமை அரை நாள் வேலைதான். அந்த அரை நாளில் ஆயிரத்து நானூறு தகடு. ஒன்று மூன்று கிலோ. குனிந்து எடுத்து, அச்சின்மேல் வைத்து, பிரஸ் இறங்கி ஏறியதும் எடுத்து அடுக்கி, மறுபடி குனிந்து. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க வலது கை எழும்பவே இல்லை. இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கட்டை விரலைச் சட்டைப் பொத்தானில் மாட்டித் தொங்கவிட்டேன்.

"அப்படி நிக்காத மாப்ள, பாவம்னு யாராவது எழுந்திரிச்சு எடம் குடுத்துடப் போறாங்க" என்றான் கேட்லாக்.

"குடுத்தா உட்காருவேன்."

கேட்லாக் என் கூட வேலை செய்கிறவன். எண்பது டன் பிரஸ்ஸில் தகடு வைக்கிறவன் நான், நெம்புகோல் பிடிக்கிறவன் அவன். பதினாறு வருஷமாக இப்படித்தான். அதனால் பட்டறையில் எனக்கு எண்பது டன் என்று பெயர், அவசரத்துக்கு எம்பது. அவனுக்கு கேட்லாக். எந்தப் பொருளைக் கேட்டாலும் விலை, எடை, என்னென்ன நிறத்தில் வருகிறது, எத்தனை வருஷத்துக்கு உத்தரவாதம் என்று ஒப்பிப்பான். ஒன்றையும் வாங்கியிருக்க மாட்டான்.

என் தோள்பையில் பழைய துண்டில் சுற்றிய ஹெட்போன் இருந்தது. பெரியது, இரண்டு காதையும் கிண்ணம் கவிழ்த்ததுபோல மூடுவது. தங்கச்சி கொடுத்தது. அதை போனில் செருகினால் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல வரும். அதை ஓட்டத் தனியாக ஆம்ப் வேண்டும், ஆம்புக்கு முன்னால் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும் என்று மூன்று மாதமாக கேட்லாக் என்னைக் குடைந்தெடுத்தான். எதிரே நின்றவரின் குடையை நகர்த்திவிட்டு இப்போதும் குடைந்தான்.

"வால்வு ஆம்ப்தான்டா. சின்னக் குழல் பல்பு ரெண்டு எரியும். சத்தம் அப்படியே தேனா வழியும். நானூறு பேர் எழுதியிருக்கான், எல்லாரும் அஞ்சு நட்சத்திரம்."

"நீ கேட்டிருக்கியா?"

"கேக்கணுமா? படிச்சிருக்கேன்ல."

அவனுக்கு நான் சொல்லாதது ஒன்று இருந்தது. யாருக்கும் சொல்லவில்லை.

என் தங்கச்சி பாட்டுப் பதிவுகளில் சின்னச் சின்னத் தாளக் கருவிகள் வாசிப்பவள். கிலுகிலுப்பை, மரக்கட்டை, ட்ரையாங்கிள். ட்ரையாங்கிள் என்பது முக்கோணமாக வளைத்த இரும்புக் கம்பி. நூலில் தொங்கவிட்டு இன்னொரு கம்பியால் தட்டுவது. கடையில் வாங்கியதெல்லாம் சரியில்லை என்று மூக்கால் அழுதாள். நான்தான் பட்டறையில் ஸ்பிரிங் கம்பி எடுத்து, காய்ச்சி, மூன்று மடக்கு மடக்கிக் கொடுத்தேன். அதைத் தட்டிப் பார்த்து, "அண்ணே, இது பாடுதுண்ணே!" என்று குதித்தாள். எனக்கு டொக் என்றுதான் கேட்டது. "பாடாம?" என்றேன்.

அந்தக் கம்பியை வாசித்து அவள் பெயர் முதல்முறையாக ஒரு பாட்டின் கலைஞர் பட்டியலில் வந்தது. பாட்டை அனுப்பினாள். "ஒன்பது எடத்துல வர்றேண்ணே. கேட்டுச் சொல்லு." இருபது தடவை கேட்டேன். பாடுகிறவளின் குரல் வந்தது, தோல் கருவி வந்தது, கம்பிக் கருவிகள் கும்பலாக வந்தன. என் தங்கச்சி வரவில்லை. ஒரு இடத்தில்கூட. மறுநாள் அவள் கேட்டபோது, "ஒன்பதும் டாண் டாண்ணு வந்துச்சு, ஒண்ணுகூடப் பிசகல" என்று சொல்லிவிட்டேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு "சரிண்ணே" என்றாள். அடுத்த வாரம் இந்த ஹெட்போனைக் கொண்டுவந்து கையில் திணித்தாள். மூடிப்போன ஒரு பதிவுக் கூடத்தில் மலிவாக வந்ததாம்.

நாளைக்கு வருகிறாள். ஹெட்போனில் கேட்டாயா என்று கேட்பாள். இன்னொரு பொய் சொல்ல வாய் வருமா தெரியவில்லை. வளைத்தவன் நான், வாசித்தவள் என் கூடப்பிறந்தவள், எனக்கு மட்டும் கேட்காது என்றால் அது என்ன நியாயம்? எந்தப் பெட்டியாவது அந்தச் சத்தத்தை இழுத்துக்கொண்டு வந்து என் காதில் போடட்டும். அதற்குத்தான் மூன்று மாத ஓவர்டைம் காசு சட்டைப்பையில் இருந்தது.

நாங்கள் போனது ரேடியோ அக்கா கடைக்கு. கடை என்று சொல்வதற்கு அங்கே பலகைகூட இல்லை. சைக்கிள் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், அவர் வீட்டின் முன்னறை. இருபத்திரண்டு வருஷம் வானொலி நிலையத்தில் பதிவு மேசையில் உட்கார்ந்தவர். இப்போது பழைய ஆம்புகளைப் பழுது பார்த்து விற்கிறார், சொந்தமாகவும் கட்டுகிறார். சுவர் முழுக்க இரும்புத் தட்டுகள், அதில் மூடி கழற்றிய பெட்டிகள். மேசையில் சூட்டுக்கோல் புகைந்துகொண்டிருந்தது. ஈயம் உருகும் வாசனை. அந்த வாசனையே எனக்குப் பிடித்துப்போயிற்று. வேலை நடக்கிற இடம்.

"பட்டறையா?" என்றார் அக்கா, நிமிராமலே.

"எப்படிக்கா தெரியும்?"

"கதவ அந்தத் தட்டு தட்டுனீங்களே. கீழ சைக்கிள் கடைக்காரர் வந்து பாத்துட்டுப் போறார்."

கூந்தலை ரப்பர் வளையத்தில் கட்டியிருந்தார். மூக்குக் கண்ணாடி நெற்றியில். எங்களை முக்காலியில் உட்கார வைத்து விதிகளைச் சொன்னார். சொந்த ஹெட்போன், சொந்தப் பாட்டு. பெட்டிகள் துண்டுக்கு அடியில் இருக்கும். எது எது என்று தெரியாது, விலையும் தெரியாது. எல்லாப் பெட்டியையும் மீட்டர் வைத்து ஒரே சத்த அளவுக்கு அவரே நிறுத்துவார். குமிழைத் தொடக் கூடாது.

"ஏன்னா சத்தம் ஒரு முடி கூடுனாலும் அதுதான் நல்ல பெட்டின்னு காது சொல்லிடும். காது ஏமாளி. அப்புறம், கூட வந்தவங்க வாயத் தொறக்கக் கூடாது."

கடைசி விதியைச் சொல்லும்போது கேட்லாக்கைப் பார்த்தார். ஆள் பார்த்த உடனே எடை போட்டுவிட்டார்.

"கன்வெர்ட்டர்னா என்ன, ஆம்ப்னா என்ன, தெரியுமா?" என்று என்னைக் கேட்டார்.

"இவன் சொல்லியிருக்கான். புரியல."

"பட்டறை பாஷையில சொல்றேன். போன்ல இருக்கிறது வெறும் எண்ணு. வரைபடம் மாதிரி. அந்தப் படத்தப் படிச்சு அச்சு செய்றது கன்வெர்ட்டர். அச்சு ரெடியானா போதுமா? மேலருந்து ஒருத்தன் அழுத்தணும்ல? அது ஆம்ப். உன் ஹெட்போன் தடிச்ச தகடு. போன்காரன் அஞ்சு டன்னுல தட்டிக்கிட்டு இருக்கான்."

அட! மூன்று மாதம் கேட்லாக் கத்தியும் ஏறாதது அரை நிமிஷத்தில் ஏறிவிட்டது. தோள்வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

முதலில் கன்வெர்ட்டர். துண்டுக்கு அடியில் இரண்டு இருப்பதாகச் சொல்லி, ஒரு சுவிட்சைத் தட்டி "இது ஒண்ணு" என்றார். தட்டி, "இது ரெண்டு." எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

"நான் கேக்கலாமாக்கா?" கேட்லாக்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்கா சரியென்றார். ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடினான். சுவிட்ச் தட்டத் தட்ட முகம் மலர்வதும் சுளிப்பதுமாக இருந்தது. "ஒண்ணு தகரம். ரெண்டுல எடம் விரியுது. பாடுறவங்க ரெண்டடி முன்னாடி வந்து நிக்கிறாங்க. மூச்சுகூடத் தெரியுது. இது வெல கூடுனது, சத்தியமா."

அக்கா துண்டைத் தூக்கினார். தீப்பெட்டி அளவில் ஒரே ஒரு கன்வெர்ட்டர். பக்கத்தில் இருந்தது அவருடைய சாப்பாட்டு டப்பா.

"சுவிட்சு சத்தம் மட்டும்தான் போட்டேன்."

நான் சிரித்த சிரிப்பில் தோள் மறுபடி வலித்தது. கேட்லாக் காது மடல் சிவந்து, "பாடுறவங்க நெஜமாவே முன்னாடி வந்தாங்கடா" என்று முணுமுணுத்தான்.

"வந்திருப்பாங்க. யாரு இல்லன்னா?" என்றார் அக்கா. "இதுல காசக் கொட்டாதீங்க. இந்தச் சின்னதே போதும். உங்க ருசியத் தீர்மானிக்கிறது ஆம்ப்."

இப்போது துண்டு அகலமாக விரிந்தது. அடியில் மூன்று ஆம்ப். துண்டின் விளிம்பில் குமிழ்கள் மட்டும் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன. மேசையில் சாக்பீசில் ஒன்று, இரண்டு, மூன்று. அக்கா மீட்டரின் இரண்டு கம்பிகளை வைத்து மூன்றையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவந்தார். பாட்டை ஓட விட்டார். அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து யாரோ பார்சல் என்று கூப்பிட, "மாத்தி மாத்திக் கேளு, சுவிட்சு இதோ" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

ஒன்று. குரல் பளிச்சென்று வந்தது. தங்கச்சி வரவில்லை. மூன்று. அதே. இரண்டுக்குப் போனேன். குரல் மெத்தென்று, கதகதப்பாக வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதில் இருக்கிறாள், கொஞ்சம் தள்ளினால் வெளியே வந்துவிடுவாள் என்று தோன்றியது. என் கை தானாக எழுந்தது. ஆள்காட்டி விரலை மேல்நோக்கி இரண்டு முறை ஆட்டினேன்.

எங்கள் பட்டறையில் யாரும் பேசிக்கொள்வதில்லை. பேசினால் கேட்காது. முஷ்டி என்றால் நிறுத்து, கை விரித்தால் அச்சை மாற்று, விரல் மேலே ஆடினால் இன்னும் அழுத்தம் கொடு. பதினாறு வருஷமாக நான் விரல் ஆட்டினால் கேட்லாக் கொடுப்பான். இப்போதும் கொடுத்தான். என்ன ஏதென்று யோசிக்காமல் துண்டுக்கு வெளியே இருந்த இரண்டாம் குமிழைத் திருகினான். அவன் திருகியதை நான் பார்த்தேன். பிரஸ் முன்னால் நிற்கிறபோது பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன். தப்பென்று இரண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை.

சத்தம் பொங்கி வந்தது. நெஞ்சுக்குள் இறங்கியது. "இதுதான்! இதுதான்டா!" என்று கத்தினேன். கேட்லாக் துண்டைத் தூக்கிப் பார்த்தான். ஆரஞ்சு நிறத்தில் இரண்டு குழல் பல்புகள். அவன் போட்ட கூச்சலில் அக்கா பார்சலோடு ஓடி வந்தார்.

"வால்வு! நான் சொன்னேன்ல! கண்ணக் கட்டிக்கிட்டே புடிச்சுட்டான் பாருங்கக்கா!"

நான் சட்டைப்பையில் கைவிட்டுக் காசை எடுத்துவிட்டேன். அக்கா என் கையைப் பார்க்கவில்லை. குமிழைப் பார்த்தார். மீட்டரை எடுத்து வைத்தார்.

"யாரு தொட்டது?"

விரல் ஆட்டியதை நான் சொன்னேன், திருகியதை கேட்லாக் ஒத்துக்கொண்டான்.

"வாயத் தொறக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க" என்றான் கேட்லாக்.

"இவன் விரல் காட்டினான், நீ திருகினே. ஒண்ணரை மடங்கு. ரெண்டு பேருக்கும் சம்பளம் ஒரே கவர்ல வருதா?" அக்கா குமிழைப் பழைய இடத்துக்கு இறக்கினார். "மறுபடி கேளு."

கேட்டேன். கதகதப்பு இருந்தது. பொங்கல் இல்லை. தங்கச்சியும் இல்லை. நெஞ்சில் இறங்கியதெல்லாம் வெறும் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடி ஒன்று. காசு கையில் ஈரமாகிக்கொண்டிருந்தது.

"எதத் தேடுற நீ?" என்றார் அக்கா. குரல் மாறியிருந்தது. "நல்ல பெட்டி தேடுற ஆளு ஒரே எடத்தத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேக்க மாட்டான். பாட்டுல என்னமோ தேடுற."

சொல்லிவிட்டேன். கம்பி வளைத்தது, ஒன்பது தட்டு, டாண் டாண் என்று அளந்தது எல்லாம். 

"டேய், எனக்குக் கேக்குதேடா" என்றான் கேட்லாக் மெதுவாக. "போன்லயே கேட்டுச்சு. உனக்கும் கேக்கும்னுதான்..."

அவனை அடிக்கலாம்போல இருந்தது. யாரை அடித்து என்ன?

அக்கா மேசை மேலிருந்த சின்ன ஸ்பீக்கரை என் பக்கம் திருப்பினார். ஒரு கருவியில் முள்ளைத் திருப்பினார். ஊ என்று ஒரு சத்தம். "கேக்குதா?" கேட்டது. திருப்பினார். விசில்போல. கேட்டது. இன்னும் திருப்பினார். இழை இழையாக, தூரத்தில் போகிற வண்டிபோலக் கேட்டது. பிறகு நிறுத்திவிட்டார். நான் காத்திருந்தேன். கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்தது போடுங்கக்கா."

 கேட்லாக் பக்கம் திரும்பினேன். இரண்டு கையாலும் காதைப் பொத்தி, பல்லைக் கடித்து, கண்ணை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஓடிக்கிட்டிருக்குப்பா" என்றார் அக்கா. "ஒரு நிமிஷமா ஓடுது."

 ஒரு அறை முழுக்கச் சத்தம் நிறைந்திருக்கிறது, எனக்கு அது வெறும் அறை. அக்கா அதை நிறுத்தியதுகூட கேட்லாக் கையை எடுத்த பிறகுதான் தெரிந்தது.

"உனக்கு மட்டும் எப்படிடா?" என்றேன். அவனும் அதே பிரஸ், அதே பதினாறு வருஷம்.

"நான்தான் காதுல ரப்பர் அடைப்பு வெப்பேனே. வாங்குன ஒரே பொருள் அதுதான். நீதான் பொம்பளப்புள்ள தோடு மாதிரி இருக்குன்னு சிரிச்சே."

சிரித்தது ஞாபகம் இருந்தது. பட்டறையில் கொடுத்த பஞ்சைக்கூட நான் காதில் வைத்ததில்லை. கை துடைக்க வைத்துக்கொண்டேன்.

அக்கா அதற்குள் மேசைக்கு அடியில் தலையை விட்டிருந்தார். அட்டைப் பெட்டிகளை நகர்த்தும் சத்தம். தூசியோடு ஒரு பெட்டியை இழுத்து வெளியே வைத்தார். சாம்பல் நிறம், ஒரு மூலை நசுங்கி, முன்பக்கம் மூன்று குமிழ்.

"இதுக்குப் பேரு கத்தி. மூணு பேரு வாங்கிட்டுப்போய்த் திருப்பிக் குடுத்துட்டாங்க. பழைய பதிவு மேசையோடது. உனக்குக் கேக்காத மேல் சத்தத்தத் தூக்க ஒரு குமிழ் இருக்கு. அது ரெண்டு காதுலயும் அளவுக்கு மேல தூக்கும்."

"டோன் குமிழ் இருந்தா அது ஆம்ப்பே இல்லக்கா, பொம்மை" என்றான் கேட்லாக். "எல்லாரும் எழுதியிருக்கான். சத்தத்த உள்ளபடி விடணும், கை வைக்கக் கூடாதுன்னு."

"எழுதினவன்லாம் எண்பது டன் பிரஸ்ல நின்னவனா?"

 துண்டு போடவில்லை அக்கா. "இதுக்குத் துண்டு வேணாம். இதப் பாத்து எவனும் மயங்க மாட்டான்."

ஹெட்போனை மாட்டினேன். குரல் வந்தது. அக்கா மூன்றாவது குமிழை மெல்லத் திருப்பினார். குரலில் ஒரு சொரசொரப்பு ஏறியது. சொல்லுக்கு விளிம்பு முளைத்தது. இதுவரை "அ" என்றும் "இ" என்றும் ஊமையாக வந்ததெல்லாம் சொல்லாக வந்தது. இன்னும் திருப்பினார். தோல் கருவிமேல் துடைப்பம்போன்ற குச்சி உரசுகிற சத்தம். அட, அது உரசுகிறதா! இத்தனை நாள் தட்டுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். இன்னும் கொஞ்சம். முதல் சரணத்துக்கு முன்னால் எல்லோரும் மூச்சு வாங்குகிற இடம் வந்தது, அங்கே

டிங்.

எழுந்து நின்றுவிட்டேன். முக்காலி சாய்ந்தது. ஹெட்போன் ஒயர் இழுத்துக்கொண்டு பெட்டியும் வந்திருக்கும், அக்கா பிடித்துக்கொண்டார். இடது பக்கத்தில், காதுக்கு ஒரு முழம் தள்ளி, வெள்ளையாக, நூல்போல. தட்டியதும் நின்றுவிடவில்லை. நீண்டது. நீண்டு, மெலிந்து, கடைசியில் எங்கே முடிந்தது என்றே தெரியாமல் குரலுக்குள் போய் ஒளிந்தது. நான் காய்ச்சிய கம்பி! என் கையில் கொப்புளம் வாங்கிக் கொடுத்த அதே கம்பி! "பாடுதுண்ணே" என்றாளே, இதையா சொன்னாள்?

"ஒண்ணு!" என்று கத்தினேன்.

"என்னடா ஒண்ணு?"

"பேசாத! ரெண்டு! டேய், ரெண்டு!"

மூன்று, நான்கு. விரல் மடக்கி எண்ணினேன். கேட்லாக்கும் எதிரே நின்று என்னோடு விரல் மடக்கினான், அவனுக்குப் பாட்டே கேட்கவில்லை. ஐந்தில் அவள் மெதுவாகத் தட்டியிருந்தாள், யாரையோ எழுப்பப் பயந்ததுபோல. ஆறு அழுத்தமாக. ஏழு...

ஏழு வரவில்லை. வரவேண்டிய இடம் கடந்துவிட்டது. பிறகு வந்தது. தகடு அச்சில் ஒட்டிக்கொண்டு எழும்பும்போது ஒரு கணம் பிந்துமே, அந்த அளவு பிந்தி. எட்டும் ஒன்பதும் சரியான இடத்தில் விழுந்தன. பாட்டை ஏழுக்கு முன்னால் இழுத்து மறுபடி கேட்டேன். பிந்தித்தான் வந்தது.

ஹெட்போனைக் கழற்றினேன். ஒன்பதும் டாண் டாண்ணு, ஒண்ணுகூடப் பிசகல. நான் அப்படிச் சொன்னபோது போனில் அவள் பேசாமல் இருந்தாளே, அது எதற்கென்று இப்போது புரிந்தது. மறு வாரமே ஹெட்போனோடு வந்தாளே, அதுவும்.

"குடு, குடு" என்று கேட்லாக் பிடுங்கி மாட்டினான். இரண்டு நொடி. "ஐயோ!" என்று கழற்றிக் காதைத் தேய்த்தான். "காதுல ஆணி அடிக்குதுடா! இதையா ரசிச்சே?"

"எனக்கு ஆணி அடிக்கல. எனக்கு இதுதான் பாட்டு."

"அவ்வளவுதான் விஷயம்" என்றார் அக்கா. "உனக்குத் தேன், அவனுக்குக் கத்தி. காதுக்குக் காது ருசி வேற. ஆனா குமிழ இந்தக் கோட்டுக்கு மேல திருப்பாத. இருக்கிற காதும் போயிடும்." சாக்பீசை எடுத்து, குமிழ் பக்கத்தில் ஒரு கோடு போட்டார். பிறகு கேட்லாக்கைப் பார்த்து, "அந்த ரப்பர் அடைப்பு எங்க வாங்கினே, இவனுக்கும் வாங்கிக் குடு" என்றார்.

"மூணு நிறத்துல வருதுக்கா. ஆரஞ்சு, நீலம்..."

"கத்தி எவ்வளவுக்கா?" என்று நடுவில் புகுந்தேன்.

"விக்கிறதுக்கு இல்ல. வித்தா திரும்பி வந்துடுது." கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி எங்கள் இருவரையும் பார்த்தார். "கன்வெர்ட்டருக்கு மட்டும் காசு குடு. கத்திக்கு வேற வழி. நான் கட்டுற ஆம்புக்கு முன்பக்க மூடி வேணும். அலுமினியம், மூணு மில்லி, ஒண்ணுக்கு நாலு துளை. வெளில குடுத்தா கோணலும் மாணலுமாத் துளைச்சுட்டு வர்றான். நீங்க பிரஸ்காரங்க. பன்னிரண்டு மூடி."

"மூடியா? ஒரு டீ குடிக்கிற நேரம்கா!" என்றான் கேட்லாக், நெம்புகோல் கையில் இருப்பதுபோல.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தோள் வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பக்கத்திலிருந்தவர் சில்லறையைக் கீழே போட்டார். அது உருண்ட சத்தம் எனக்கு எவ்வளவு கேட்டது, எவ்வளவு கேட்கவில்லை என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்குத் தங்கச்சி வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கண் மேசைமேல் போனது. என் வீட்டுக்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். காலையிலிருந்து நூறு தடவை அவளை உட்கார வைத்துக் காட்டியிருந்தேன்.

"என்னண்ணே இது, தகர டப்பா?"

"உட்காரு." ஹெட்போனை நான் மாட்டிக்கொண்டேன். பாட்டைப் போட்டேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே விரல் மடக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவளுக்குப் பாட்டு மனப்பாடம். நான் மடக்கும்போதெல்லாம் அவள் உதடும் எண்ணியது. ஆறு வந்தது. ஏழுக்கு நான் விரலை மடக்காமல் அந்தரத்தில் நிறுத்தினேன். நிறுத்தி, பிந்தி, மடக்கினேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏழாவது லேட்டு" என்றேன்.

"கேக்குதா! அண்ணே, கேக்குதா உனக்கு!" என் வலது தோளில்தான் அடித்தாள். உயிர் போயிற்று. "நூல் கையில சிக்கிடுச்சுண்ணே. மறுபடி எடுக்கலாம்னு கெஞ்சினேன். இதான் அழகா இருக்குன்னு விட்டுட்டாங்க. உனக்கு ஃபோன் பண்ணினதே அதச் சொல்லத்தான். நீ திட்டுவேன்னு நெனச்சேன். நீ என்னடான்னா..."

"அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே கேக்கல. பொய் சொன்னேன்."

"தெரியும்."

"தெரிஞ்சு ஏன் கேக்கல?"

"கேட்டா ஒத்துப்பியா நீ?" ஹெட்போனை எடுத்துத் தன் காதில் வைத்தாள். உடனே பறித்தெடுத்தாள். முகம் சுருங்கியது. பெட்டியின் குமிழையும் சாக்பீஸ் கோட்டையும் பார்த்தாள். பிறகு என் காதைப் பார்த்தாள், அங்கே ஏதோ எழுதியிருப்பதுபோல. "இவ்ளோ வெச்சாத்தான் கேக்குதாண்ணே?"

"ஆமா. ஆனா கேக்குது. மறுபடி போடவா?"

"போடு" என்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து அந்தக் கம்பியையே எடுத்து நூலில் தொங்கவிட்டாள். பாட்டில் ஏழாவது வரும்போது, இந்த முறை சரியான இடத்தில் தட்டிக் காட்டினாள். அது காதில் விழவில்லை. கம்பி நடுங்கியது மட்டும் தெரிந்தது. சொல்லிவிட்டேன். அவள் இரண்டு கையாலும் ஹெட்போனை என் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

திங்கள்கிழமை ஆரஞ்சு நிற அடைப்போடு வேலைக்குப் போனேன். தோடு நல்லா இருக்கு என்று நான்கு பேர் சிரித்தார்கள். இந்தச் சனிக்கிழமை வேலை முடிந்து, மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, வெட்டி மிஞ்சிய அலுமினியத்தில் முதல் மூடியைத் துளைத்து ரேடியோ அக்காவிடம் கொண்டுபோனோம். அளவுகோலை வைத்துப் பார்த்தார். மூன்றாவது துளை இரண்டு மில்லி தள்ளி விழுந்திருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கத்தி என் வீட்டில் பாடிக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டு மூடியும் இன்னும் பாக்கி.